மாத்திரையால் ஆண்மை போய்விடுமா?

கேள்வி: வயது 61. புரொஸ்டேட் வீக்கத்துக்குக் கிளினிக்கில் டம்சுலோசின் 0.4 மில்லிகிராம் தந்தார்கள். சிறுநீர் தாராளமாகப் போகிறது. ஆனால் உறவின்போது உச்சம் வந்தும் விந்து வருவதில்லை. மாத்திரையை நிறுத்தவா?
– வாசகர், ஹட்டன்

பதில்: ஆண்மை எங்கும் போகவில்லை ஐயா. இந்த மருந்து புரொஸ்டேட்டிலும் சிறுநீர்ப்பையின் கழுத்திலும் உள்ள தசையைத் தளர்த்துகிறது. அதனால்தான் சிறுநீர் இலகுவாகப் போகிறது. அதனால்தான் விந்து குறைகிறது, சிலருக்குப் பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள்ளும் போகிறது. பிறகு சிறுநீர் கலங்கலாக வந்தால் பயப்பட வேண்டாம்.

மருந்தை விட்டால் இது பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள், சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம். இந்தத் தொல்லை குறைவான அல்ஃபுசோசின் பொருந்துமா என்று டொக்டரிடம் கேளுங்கள். கூடவே புரொஸ்டேட்டைச் சுருக்கும் மாத்திரையான ஃபினாஸ்டரைட் 5 மில்லிகிராம் இருந்தால் அவரிடம் சொல்லுங்கள். ஆசையையும் விறைப்பையும் குறைப்பது அதுதான்.

விறைப்புக்கென்று பார்மசியில் சில்டெனாஃபில் வாங்கிப் போடுவது வேண்டவே வேண்டாம். இதோடு சேர்ந்தால் பிரஷர் இறங்கும். டொக்டர் தந்தால் 25 மில்லிகிராமில்தான் தொடங்குவார். நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழ் மாத்திரை வைப்பவருக்குச் சில்டெனாஃபில் உயிராபத்து.

டம்சுலோசினைத் தினமும் ஒரே வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகு முழுதாக விழுங்குங்கள். இரவில் லயத்துக்கு வெளியே கக்கூசுக்குப் போகுமுன் கட்டில் விளிம்பில் ஒரு நிமிடம் உட்காருங்கள். சடக்கென்று எழுந்தால் தலை சுற்றும். மலைக்குளிருக்குத் தடிமன் பிடித்தாலும் கடைத் தடிமன் மாத்திரை போடாதீர்கள், அதில் பல சிறுநீரை அடைக்கும்.