“பாஸ் அப்” என்றால் லண்டன்காரருக்கு வேறு அர்த்தம்

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை எஸ்டேட் ஆபீசில் கிராணியாக இருக்கிறேன். இப்போது லண்டன் கம்பெனி ஒன்றுக்கு மெயில் எழுதும் வேலையும் என் தலையில். தினம் பத்து இடியம் மனப்பாடம் செய்கிறேன். பேசும்போது ஒன்றும் வாயில் வருவதில்லை. போன வாரம், “பாரத்தை (ஃபார்மை) நாளை பாஸ் அப் செய்கிறேன்” என்று ஆங்கிலத்தில் எழுதினேன். “ஏன், வேண்டாமா?” என்று பதில் வந்தது. என்ன தப்பு?

பதில்: தங்கச்சி, அந்த இடியம் புத்தகத்தைக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள். உங்களை மாட்டிவிட்டது அதில் இல்லாத சொல். நம் மலேசியப் பள்ளிக்கூடத்தில் ‘புக் பாஸ் அப்’ என்றால் ஆசிரியரிடம் ஒப்படைப்பது. இங்கிலாந்தில் ‘பாஸ் அப்’ என்றால் வந்த வாய்ப்பை வேண்டாம் என்று விட்டுவிடுவது. பாரம் உங்களுக்குத் தேவையில்லை என்று அவர் நினைத்ததில் வியப்பில்லை. ‘ஹேண்ட் இன்’ அல்லது ‘சப்மிட்’ என்று எழுதியிருந்தால் குழப்பமே வந்திருக்காது.

இப்படி நாம் பிறந்ததிலிருந்து பேசும் ஆங்கிலத்தில்தான் வம்பு ஒளிந்திருக்கிறது. மேனேஜர் ‘அவுட்ஸ்டேஷன்’ போயிருக்கிறார் என்றால் அங்கே பலர் விழிப்பார்கள், ‘அவே’ போதும். காரில் கூட வரட்டுமா என்பதற்கு ‘ஃபாலோ’ என்கிறோம். அது மலாய் ‘இக்குட்’ போட்டுக்கொண்ட ஆங்கிலச் சட்டை. வெள்ளைக்காரர் காதில், பின்னாலேயே இன்னொரு வண்டியில் வருவதாக விழும். உடம்பு சரியில்லை என்று டாக்டர் தரும் ‘எம்சி’ சீட்டும் அப்படித்தான். அங்கே ‘சிக் நோட்’ என்பார்கள். 2010-இல் அரசாங்கம் ‘ஃபிட் நோட்’ என்று பெயர் மாற்றியும் பேச்சில் பழையது போகவில்லை. அரைகுறை வேலையை ‘ஹாஃப் பாஸ்ட் சிக்ஸ்’ என்று எழுதினால், மணி ஆறரை என்றுதான் படிப்பார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ‘கோஸ்தான்’. கப்பல்காரர்களின் ‘கோ அஸ்டெர்ன்’, அதாவது பின்பக்கமாகப் போ, தேய்ந்து நம் லோரிக்காரர் வாயில் இப்படி ஆனது. மெயிலில் ‘ரிவர்ஸ்’ என்று எழுதுங்கள். பழக்குலை ஏற்ற வரும் லோரி டிரைவரிடம் மட்டும் கோஸ்தான் என்றே கத்துங்கள், அப்போதுதான் வண்டி நகரும்.

சரி, இடியத்துக்கு வருவோம். காதில் விழுந்தால் புரிய வேண்டும், அவ்வளவுதான். பேச அவசரம் வேண்டாம். ‘சாக்’கையே பாருங்கள். ‘கெட் த சாக்’ என்றால் வேலை போய்விட்டது. ‘ஹிட் த சாக்’ என்றால் படுக்கப் போகிறேன். தூங்கப் போகிறவருக்கு ஆறுதல் சொல்லிவிடாதீர்கள்! பூனையும் நாயுமாக மழை பெய்யும் இடியம் பாடப்புத்தகத்தில்தான் அதிகம் பெய்கிறது. கொட்டும் மழைக்கு அங்கே ‘பக்கெட்டிங் டவுன்’ என்பார்கள். நம் ‘வாளி வாளியா ஊத்துது’ மாதிரிதான்.

புதிதாக ஒன்று கேட்டால் சொல்லை மட்டும் குறிக்காதீர்கள். யார், யாரிடம், எதற்காகச் சொன்னார் என்று முழு வாக்கியமாக எழுதுங்கள். மூன்று பேர் வாயில் கேட்ட பிறகு நீங்களும் பேசலாம். இப்போதைக்கு அந்த லண்டன்காரருக்கு ஒரு வரி போடுங்கள்: ‘சாரி, ஐ மென்ட் ஐ வில் சப்மிட் த ஃபார்ம்.’