'ரன்' என்றால் ஓடுவது மட்டும்தானா?

"ஷி ரன்ஸ் எ ஹோட்டல்" என்பதில் ஓட்டம் எங்கே என்று கேட்டிருக்கிறீர்கள். அங்கே 'நடத்துகிறார்' என்று பொருள்.

நம் 'ஓடு' என்ற சொல்லையே பாருங்கள். படம் 100 நாள் ஓடுகிறது, ஃபேன் ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது. இங்கெல்லாம் ஆங்கிலத்திலும் ரன் பொருந்தும்.

சரி, ஓடுவும் ரன்னும் பிரிவது எங்கே? சளி பிடித்து மூக்கு ஒழுகினாலும் ரன்தான். ஊறவைத்த புதுச் சேலையிலிருந்து சாயம் இறங்கி வாளித் தண்ணீர் சிவந்தாலும் ரன்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது தேர்தல். அமெரிக்காவில் வேட்பாளர் 'ரன்' செய்கிறார். பிரிட்டனில் 'ஸ்டாண்ட்', நம்மைப் போலவே நிற்கிறார்.

அப்புறம், 'ரன் அவுட் ஆஃப் மில்க்' என்றால் பால் தீர்ந்துவிட்டது. கிரிக்கெட் ரன் அவுட்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.