பிரதேச சபைக் குழுவில் ஊர் இளையோருக்கு இடம் உண்டா?

கேள்வி: புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு கிராமத்தில் இளைஞர் கழகம் நடத்துகிறோம். பன்னிரண்டு பேர் இருக்கிறோம். எனக்கு 23 வயது. பிரதேச சபைக்கு ஆலோசனை சொல்லும் குழுக்களில் உறுப்பினர் அல்லாத ஊராரும் இருக்கலாம் என்று ஒரு பயிற்சியில் கேள்விப்பட்டோம். பிரதேச செயலகத்துக்குப் போய்க் கேட்டால் "அது இங்கை இல்லை" என்று அனுப்பிவிட்டார்கள். கட்சியில் சேர்ந்தால்தான் உள்ளே விடுவார்கள் என்று ஊரில் சொல்கிறார்கள். உண்மையா? எங்கே தொடங்குவது?

பதில்: தங்கச்சி, நீங்கள் கேள்விப்பட்டது சரிதான். போன கந்தோர்தான் மாறிவிட்டது. அதில் உங்கள் பிழை ஒன்றும் இல்லை. இளைஞர் கழகங்களைப் பார்க்கும் இளைஞர் சேவை உத்தியோகத்தர் பிரதேச செயலகத்தில்தான் இருப்பார். அதனால் எல்லா அலுவலுக்கும் கால் அங்கேயே போய் நிற்கிறது. பிரதேச செயலகம் மத்திய அரசின் நிர்வாகம். கிராம அலுவலர், காணி, நிவாரணம் எல்லாம் அங்கே. பிரதேச சபை அப்படியல்ல. நீங்கள் வாக்குப் போட்டு, 2025 மே 6ஆம் திகதித் தேர்தலில் வந்த சபை அது. அதற்குத் தனிக் கட்டடம், தவிசாளர், செயலாளர் என்று எல்லாம் தனி. உங்கள் கடிதம் அங்கேதான் போக வேண்டும்.

சட்டத்தைப் பார்ப்போம். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தில் 12ஆம் பிரிவு இதைப் பற்றியது. தனக்கு ஆலோசனை சொல்ல சபை குழுக்களை அமைக்கலாம். அவற்றில் உறுப்பினர்களோடு அந்தப் பிரதேசத்தில் வசிக்கும் மற்றவர்களையும் சேர்க்கலாம். நிதியும் கொள்கை உருவாக்கலும், வீடமைப்பும் சமூக அபிவிருத்தியும், தொழில்நுட்பச் சேவைகள், சுற்றாடலும் வாழ்க்கை வசதிகளும் என்று நான்கு குழுக்கள் வழமையாக இருக்கும். வெளியாளைச் சேர்க்க அந்தப் பிரிவு கேட்பது பிரதேசத்தில் குடியிருப்பதைத்தான். கட்சி அட்டை கேட்கவில்லை. ஒன்றைக் கவனியுங்கள்: அங்கே "சேர்க்கலாம்" என்று இருக்கிறதே தவிர "சேர்க்க வேண்டும்" என்று இல்லை. சபை மனம் வைத்தால்தான் உண்டு. குழு சொல்வதும் பரிந்துரை மட்டுமே, தீர்மானம் சபையினுடையது.

கரைச்சி, துணுக்காய், வவுனியா வடக்கு என்று வன்னியில் எந்தப் பிரதேச சபைக்கும் இதே சட்டம்தான். வவுனியா மாநகர சபைக்கும் மன்னார் நகர சபைக்கும் வேறு கட்டளைச் சட்டங்கள் உண்டு. அங்கிருந்து இதை வாசிப்பவர்கள் மாநகர ஆணையாளரிடமோ நகர சபைச் செயலாளரிடமோ தங்கள் சபையின் குழு நடைமுறையை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தேர்தலில் இளையோருக்குப் பங்கு வந்துவிட்டதே, குழு எதற்கு என்று உங்கள் கழகத்தில் யாராவது கேட்கலாம். 2025இல் வேட்பாளர்களில் 25 வீதம் 18 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும் என்ற விதி இருந்தது. அது நல்ல மாற்றம்தான். ஆனால் அது வேட்புமனுவில் பெயர் போடுவதற்கான பங்கு. வென்று உள்ளே வருவதற்கான உத்தரவாதம் அல்ல. நாலு வருடத்துக்கு ஒருமுறை வரும் தேர்தலையே பார்த்துக்கொண்டு இருந்தால் இடையில் உள்ள காலம் வீணாகும்.

இனி எப்படித் தொடங்குவது என்று பார்ப்போம். உள்ளூராட்சி வேலையில் கனகாலம் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், "எங்களுக்கும் குழுவில் இடம் தாருங்கள்" என்று மட்டும் எழுதிய கடிதங்கள் பெரும்பாலும் கோப்புக்குள்ளேயே தங்கிவிடும். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. இடம் கொடுத்தால் இந்தப் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். அதை நீங்கள் காட்ட வேண்டும்.

ஒரு கிராமத்துப் பிள்ளைகள் செய்ததைச் சொல்கிறேன். பிரதான வீதியிலிருந்து ஊருக்குள் போகும் ஒழுங்கையில் இருட்டு. ரியூசன் முடிந்து வரும் பெண் பிள்ளைகள் சைக்கிளை உருட்டிக்கொண்டு கூட்டமாகத்தான் வருவார்கள். நாலு பேர் ஒரு கொப்பியோடு மூன்று இரவுகள் நடந்தார்கள். மொத்தம் 31 மின்கம்பம். ஒவ்வொன்றின் இலக்கத்தையும் எழுதி, பக்கத்தில் "எரிகிறது", "எரியவில்லை", "விளக்கே இல்லை" என்று குறித்தார்கள். பாலத்தடியில் இருக்கும் மூன்று கம்பங்களுக்குச் சிவப்புப் பேனாவால் வட்டம். ரியூசன் விடும் நேரத்தையும் ஓரத்தில் எழுதியிருந்தார்கள். அந்தக் கொப்பியின் பிரதியைத்தான் கடிதத்தோடு இணைத்தார்கள். தொழில்நுட்ப உத்தியோகத்தர் அதைக் கையில் வைத்துக்கொண்டே களத்துக்குப் போனார். அவருக்கு ஒரு நாள் வேலை மிச்சம். அடுத்த குழுக் கூட்டத்துக்கு அந்தப் பிள்ளைகளை விளக்கம் சொல்லக் கூப்பிட்டார்கள். பிறகு அது வழமையாகிவிட்டது.

இப்படி ஒரு விடயத்தை எடுக்க முதல் அது சபையின் அதிகாரத்துக்குள் வருகிறதா என்று பாருங்கள். உள்ளூர் வீதி, தெருவிளக்கு, குப்பை, சந்தை, நூலகம், விளையாட்டு மைதானம், மயானம் எல்லாம் வரும். பரந்தன் முல்லைத்தீவு ஏ35 வீதியில் குழி என்றால் அது வீதி அபிவிருத்தி அதிகார சபையின் வேலை. யானை வேலிக்கு வனஜீவராசிகள் திணைக்களம் இருக்கிறது. சிறிய குளங்களுக்குக் கமநல அபிவிருத்தித் திணைக்களத்திடம் போக வேண்டும். எங்கள் ஊர்களில் யானையும் குளமும்தான் பெரிய கவலை என்று தெரியும். ஆனால் அவற்றோடு சபைக்குப் போனால் முதல் நாளே "எங்கடை வேலை இல்லை" என்ற பதிலோடு திரும்புவீர்கள்.

கடிதத்தைத் தவிசாளருக்கு எழுதி, செயலாளருக்கும் உங்கள் வட்டார உறுப்பினருக்கும் பிரதி போடுங்கள். ஒரு பக்கம் போதும். விடயம் இது, நாங்கள் சேர்த்த விபரம் இது, 12ஆம் பிரிவின் கீழ் இந்தக் குழுவில் எங்கள் பிரதிநிதியைச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்கிறோம் என்று எழுதுங்கள். எந்தக் குழு என்று பெயர் சொல்லியே கேளுங்கள். தெருவிளக்கு என்றால் தொழில்நுட்பச் சேவைகள், குப்பை என்றால் சுற்றாடல். நேரில் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். முடியாவிட்டால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

காலமும் முக்கியம். சபையின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. அதற்கான பாதீடு கார்த்திகை, மார்கழியில் சபைக்கு வரும். காசு தேவைப்படும் எந்த யோசனையும் செப்டெம்பருக்கு முதல் அவர்கள் கையில் இருக்க வேண்டும். மாரி தொடங்கி வாய்க்கால் நிரம்பிய பிறகு வடிகால் கேட்டால், அது அடுத்த வருடத்துக்கும் அடுத்த வருடக் கதையாகும்.

பதில் வராவிட்டால் சண்டைக்குப் போகாதீர்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. எந்தெந்தக் குழுக்கள் இருக்கின்றன, யார் யார் உறுப்பினர், கடைசிக் கூட்டறிக்கை எங்கே என்று சபையின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானிக்க வேண்டும். அதை மரியாதையான வசனத்தில் கேளுங்கள். அதே ஆட்களோடுதான் நாளைக்கு ஒரு மேசையில் இருக்கப் போகிறீர்கள்.

இன்னொரு வாசல் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. சனசமூக நிலையங்கள் பிரதேச சபையில் பதிவு செய்யப்படுபவை. சபையின் சமூக அபிவிருத்தி உத்தியோகத்தர்தான் அவற்றைப் பார்க்கிறவர். பல ஊர்களில் நிர்வாகத்தில் பெரியவர்கள் மட்டும் இருப்பார்கள், பத்திரிகை வாசிப்போடு நின்றுவிடும். அடுத்த பொதுக்கூட்டத்தில் உங்கள் கழகத்திலிருந்து இரண்டு பேர் நிர்வாகத்துக்கு வாருங்கள். ஐயாமார், அம்மாமாரோடு கதைத்துவிட்டுப் போங்கள், தள்ளிவிட்டு ஏறவேண்டாம். சபைக்குப் போகும் கடிதத்தில் கழகத்தின் பெயரோடு நிலையத்தின் முத்திரையும் இருந்தால் அதன் பாரம் வேறு.

குழுவில் இடம் கிடைத்தால் அங்கே அலுப்பும் இருக்கும். இரண்டு மணித்தியாலக் கூட்டத்தில் உங்கள் விடயம் ஐந்து நிமிடம்தான் வரும். மற்ற நேரம் கேளுங்கள், குறியுங்கள். கூட்டறிக்கையில் நீங்கள் சொன்னது பதிவாகியிருக்கிறதா என்று அடுத்த கூட்டத்தில் பாருங்கள். பதிவாகாத பேச்சை மூன்றாம் மாதம் யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள்.

கூட்டம் பெரும்பாலும் வேலை நாளில்தான் வரும். உங்களில் சிலர் ஆடைத் தொழிற்சாலையில் இருப்பீர்கள், சிலர் படிப்பீர்கள். அதனால் ஒருவரின் பெயரை மட்டும் கொடுக்காமல், அவர் வராத நாளில் வருபவரின் பெயரையும் கடிதத்திலேயே போடுங்கள். இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். இருட்டு ஒழுங்கையில் எந்தக் கம்பத்தடியில் பயம் என்று அவளுக்குத்தான் தெரியும்.