மேக்ரோஃபேஜ் என்று தேடினால் குப்ஃபர் செல்லும் வர வேண்டும்: கேள்வி பதில்

கே: செல், உறுப்பு பற்றிய ஆய்வகத் தரவை எல்லாம் எக்செலில்தான் வைத்திருக்கிறோம். அது போதாதா சார்?

ப: ஒரே ஆய்வகம் என்றால் போதும். இரண்டு சேர்ந்தால் தொல்லை. ஒருவர் ‘ஹெப்பட்டோசைட்’ என்பார், இன்னொருவர் ‘கல்லீரல் செல்’ என்பார். கணினிக்கு இரண்டும் வேறு வேறு. அதனால் பெயரோடு செல் ஆன்டாலஜியின் (செல் வகைகளுக்கு எண்ணும் உறவும் கொடுத்து ஒழுங்குபடுத்திய பொதுப் பட்டியல்) அடையாள எண்ணையும் தனி நெடுவரிசையில் போடுங்கள். ஹெப்பட்டோசைட்டுக்கு சிஎல்:0000182. உறுப்புக்கு, உடல் பாகங்களுக்கான அதே மாதிரிப் பட்டியலான உபெரானின் எண்; கல்லீரலுக்கு 0002107.

கே: எண் மட்டும் இருந்தால் தேடல் வேலை செய்துவிடுமா?

ப: செய்யாது. எண்களுக்கு இடையே இருக்கும் உறவுதான் சரக்கு. குப்ஃபர் செல்லையே பாருங்கள். அது ஒரு வகை மேக்ரோஃபேஜ் (கிருமிகளை விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்), இருப்பதோ கல்லீரலில். ‘வகை’ ஒரு உறவு, ‘பகுதி’ இன்னொரு உறவு. இரண்டும் பதிவாகியிருந்தால் மேக்ரோஃபேஜ் என்று தேடுபவருக்கும் அது கிடைக்கும், கல்லீரல் என்று தேடுபவருக்கும் கிடைக்கும். இரண்டையும் ‘தொடர்புடையது’ என்ற ஒரே பெட்டியில் போட்டுவிட்டால் கதை முடிந்தது. அப்படிச் செய்பவர்கள்தான் அதிகம்.

கே: ‘பகுதி’ உறவைத் திருப்பிப் போட்டால் ‘கொண்டிருக்கிறது’ என்று தானாக வந்துவிடாதா?

ப: இங்கேதான் வழுக்கும். மனிதக் கருப்பை ஒவ்வொன்றும் மனித உடலின் பகுதி. அதைத் திருப்பினால் ‘மனித உடல் ஒவ்வொன்றிலும் கருப்பை உண்டு’ என்று ஆகிவிடும்! இரண்டு திசையையும் தனித்தனியாகச் சரிபார்த்து எழுத வேண்டும்.

கே: எஃப்எம்ஏ, உபெரான் இரண்டில் எதை எடுப்பது?

ப: எஃப்எம்ஏ என்பது உடற்கூறியலுக்கான இன்னொரு ஆன்டாலஜி, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவானது. சுமார் 75,000 வகைகள். மனித உடல் மட்டும்தான், ஆனால் நுணுக்கம் அதிகம். உபெரான் பல விலங்கினங்களுக்குப் பொது. எலித் தரவோடு ஒப்பிடும் எண்ணம் இருந்தால் யோசிக்காமல் உபெரான்.

கே: இதற்கு, உறவுகளைச் சேமிப்பதற்கென்றே இருக்கும் கிராஃப் டேட்டாபேஸ் வாங்கியே ஆக வேண்டுமா?

ப: வேண்டாம். ஒவ்வொரு எண்ணுக்கும் அதன் மூதாதைகள் (அதற்கு மேலே வரும் வகைகள், உறுப்புகள்) எவை எவை, எந்த உறவு வழியாக என்று முன்கூட்டியே கணக்கிட்டு, போஸ்ட்கிரெஸ் போன்ற சாதாரண டேட்டாபேஸில் ஒரு டேபிளாக வைத்தாலே பெரும்பாலான தேடல்கள் ஓடும். ஆன்டாலஜியின் புதுப் பதிப்பு வரும்போது அந்த டேபிளை மறுபடி உருவாக்குங்கள். அப்புறம், கைவிடப்பட்ட எண்களை அவர்கள் அழிப்பதில்லை. ‘வழக்கொழிந்தது’ என்று குறித்து, மாற்று எண் இருந்தால் அதையும் தருவார்கள். உங்கள் பழைய வரிசைகளை அதை வைத்து மாற்றிக்கொள்ளலாம்.