வீட்டோவை ஒழிக்கவும் வீட்டோ உண்டு

கேள்வி: உலகம் முழுவதற்கும் ஒரே சட்டம், மீறுகிற நாட்டை அடக்க ஓர் உலக போலீஸ் என்று ஐ.நா.வை மாற்றி அமைத்துவிட்டால் போர்கள் நின்றுவிடாதா?

பதில்: சட்டத்துக்கு என்ன பஞ்சம்? 1928-லேயே பாரிஸில் கூடி, போர் தொடுப்பதைக் கைவிடுகிறோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். முதல் நாளே போட்டவர்களில் ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான் மூன்றும் உண்டு. மீதிக் கதை உங்களுக்கே தெரியும்.

நீங்கள் கேட்கும் போலீஸும் காகிதத்தில் இருக்கிறது. 1945-ல் எழுதிய ஐ.நா. சாசனத்தின் 43-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். உறுப்பு நாடுகள் பாதுகாப்புச் சபையோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, கேட்டபோது படை அனுப்ப வேண்டும். இன்றுவரை ஒரு நாடுகூட அந்த ஒப்பந்தத்தைப் போடவில்லை. அந்தப் படையை நடத்துவதற்கென்று அமைத்த ராணுவ அலுவலர் குழு மட்டும், படையே இல்லாமல் கூடிக் கூடிக் கலைகிறது. (நீலத் தொப்பி அமைதிப்படை வேறு. சண்டை போடுகிறவர்கள் சம்மதித்தால்தான் பொதுவாக அது உள்ளே போகும்.)

கோளாறு எங்கே என்று பார்க்க, ஒரு வழக்கு போதும். மத்திய அமெரிக்க நாடான நிகரகுவாவின் துறைமுகங்களில் கண்ணிவெடி வைத்தது, அங்கே கலகக்காரர்களுக்கு ஆயுதமும் பயிற்சியும் கொடுத்தது எல்லாம் சட்டமீறல், நஷ்டஈடு கொடு என்று 1986 ஜூனில் அமெரிக்காவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது ஐ.நா.வின் சர்வதேச நீதிமன்றம். அமெரிக்கா அசையவில்லை. தீர்ப்பை மதிக்காவிட்டால் பாதுகாப்புச் சபையிடம் போகலாம் என்கிறது சாசனம். நிகரகுவாவும் போனது. அக்டோபரில் வாக்கெடுப்பு. ஆதரவு 11, நடுநிலை 3, எதிர்ப்பு 1. அந்த ஒன்று யார் என்று கேட்கவும் வேண்டுமா? அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ் ஆகிய ஐந்தில் ஒன்று எதிர்த்தாலே தீர்மானம் விழுந்துவிடும்; அதற்குப் பெயர்தான் வீட்டோ. தோற்ற கட்சிக்காரரே கையைத் தூக்கினார், தீர்ப்பு அலமாரிக்குப் போனது. 2022 மார்ச்சில் உக்ரைனில் ராணுவ நடவடிக்கையை நிறுத்து என்று அதே நீதிமன்றம் 13-க்கு 2 என்ற கணக்கில் ரஷ்யாவுக்கு உத்தரவு போட்டது. அதையும் ரஷ்யா மதிக்கவில்லை.

சரி, வீட்டோவை எடுத்துவிடலாமே என்பீர்கள். சாசனத்தைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு நாடுகளோடு, வீட்டோ வைத்திருக்கும் ஐந்து நாடுகளும் ஒப்புதல் தர வேண்டும். பூட்டுக்குச் சொந்தக்காரர்கள்தான் சாவியும் வைத்திருக்கிறார்கள். 1965-ல் சபையின் இடங்களை 11-லிருந்து 15 ஆக்கினார்களே தவிர, வீட்டோவில் யாரும் கை வைக்கவில்லை. இந்த நிலையில் உலக போலீஸ் வந்தால் யாருடைய உத்தரவுக்கு நிற்கும்?

போலீஸே இல்லாமலும் தீர்ப்பு நிறைவேறியிருக்கிறது. எண்ணெய் வளம் எதிர்பார்க்கப்பட்ட பக்காசித் தீபகற்பம் கேமரூனுக்கே சொந்தம் என்று 2002-ல் அதே நீதிமன்றம் சொன்னபோது நைஜீரியா முரண்டுபிடிக்கத்தான் செய்தது. அப்போதைய ஐ.நா. பொதுச்செயலாளர் கோஃபி அன்னான் நடுவில் நின்று பேசிப் பேசி 2006-ல் ஒப்பந்தமாக்கினார். 2008 ஆகஸ்டில் நைஜீரியா அந்த இடத்தைக் கேமரூனிடம் ஒப்படைத்தது.

அதனால் நான் கேட்பது உங்கள் கோரிக்கையைவிடச் சிறியது. இதேபோல் எழுதிக்கொடுத்த எந்த நாடு எங்கள்மேல் வழக்குப் போட்டாலும் வந்து நிற்கிறோம் என்று அந்த நீதிமன்றத்துக்கு ஒரு நாடு முன்கூட்டியே எழுதிக்கொடுக்க வழி இருக்கிறது. ஐந்து பெரியவர்களில் பிரிட்டன் மட்டும், அதுவும் சில நிபந்தனைகளோடு, இன்று அப்படிக் கொடுத்திருக்கிறது. பிரான்ஸும் அமெரிக்காவும் ஒரு காலத்தில் கொடுத்துவிட்டு, வழக்கு வந்ததும் திரும்ப வாங்கிக்கொண்டவர்கள். முதலில் அந்த நால்வரிடமும் கையெழுத்தைக் கேளுங்கள். போலீஸைப் பற்றி அப்புறம் பேசலாம்.