மசாலா தோசைக்கு 180 கலோரி போட்டால் நோட்டீஸ் தீருமா?

கேள்வி: பெங்களூரில் 11 கிளைகளுடன் டிபன் ஹோட்டல் நடத்துகிறோம். ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனி மாநில உரிமம்தான்; மத்திய உரிமம் இல்லை. மெனுவில் கலோரி இல்லை என்று உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 32ஆம் பிரிவில் நோட்டீஸ் வந்திருக்கிறது. இணையத்தில் பார்த்து, மசாலா தோசை 180 என்று அச்சுக்குக் கொடுத்துவிட்டோம். போதுமா?
– வாசகர், மல்லேஸ்வரம்

பதில்: முதலில் அச்சகத்துக்குப் போன் செய்து நிறுத்தச் சொல்லுங்கள்.

மத்திய உரிமம் இல்லை என்ற வாதம் எடுபடாது. உணவுப் பாதுகாப்பு லேபிளிங், டிஸ்ப்ளே ஒழுங்குமுறை 2020, மத்திய உரிமம் உள்ளவர்கள் 'அல்லது' 10 இடங்களுக்குக் குறையாமல் கிளை வைத்திருப்பவர்கள் மெனுவில் கலோரி போட வேண்டும் என்கிறது. அந்த 'அல்லது'வில்தான் நீங்கள் வருகிறீர்கள். 2022 ஜூலை 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது.

எண்ணே போடாதது ஒரு குற்றம் என்றால், தப்பான எண் போடுவது அதைவிட வம்பு. தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்று அதே சட்டத்தின் 53ஆம் பிரிவை யாராவது நீட்டினால் அபராதம் 10 லட்சம் வரை போகும்.

உங்கள் 180ஐயே பாருங்கள். கொழுப்பு கிராமுக்கு 9 கிலோ கலோரி; மாவுச்சத்தும் புரதமும் 4. கல்லில் விடும் எண்ணெய் 10 கிராம், மசாலில் 5, மேலே நெய் 5 என்றால் அதுவே 180. மாவும் உருளைக்கிழங்கும் இன்னும் கணக்கிலேயே வரவில்லை.

எல்லாவற்றையும் லேபுக்கு அனுப்பத் தேவையில்லை. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 உணவு அட்டவணையை வைத்துக் கணக்கிடலாம். அதில் ஆற்றல் கிலோ ஜூலில் இருக்கும், 4.184ஆல் வகுக்க மறந்தால் தோசை நான்கு மடங்கு கொழுத்துவிடும். பொங்கலுக்கு அரிசி, பருப்பு, நெய், முந்திரியைச் சமைக்கும் முன் எடை போட்டு மொத்தக் கலோரி எடுங்கள். வெந்தபின் அண்டாவில் உள்ள பொங்கலின் எடையால் வகுத்து, ஒரு பிளேட்டின் கிராமால் பெருக்குங்கள். வெந்த பொங்கலின் எடையை அரிசியின் மதிப்பால் பெருக்குவதுதான் வழக்கமான தவறு. தண்ணீருக்கும் கலோரி ஏறிவிடும். வடைக்கு, பொரிக்கும் முன்னும் பின்னும் சட்டி எண்ணெயை எடை போட்டு, இடையில் ஊற்றியதைச் சேர்த்து, குறைந்ததை வடை எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 11 கிளையிலும் கரண்டி அளவு ஒன்றாக இல்லாவிட்டால் இவ்வளவும் வீண்.

மெனுவில் ஒரு பரிமாறலின் கிராமும் கிலோ கலோரியும் வேண்டும். சராசரி சுறுசுறுப்பான ஆளுக்கு நாளுக்கு 2,000 கிலோ கலோரி தேவை, ஆளுக்கு ஆள் மாறலாம் என்ற வரியும் வேண்டும். வாடிக்கையாளர் கேட்டு மாற்றும் பதார்த்தத்துக்கு விலக்கு உண்டு. 'நெய் மசாலா தோசை' என்று மெனுவிலேயே இருந்தால் கிடையாது. தட்டில் வைத்தே தரும் சட்னி, சாம்பாரையும் சேர்த்துவிடுவது நல்லது என்பது என் கருத்து.

நோட்டீஸில் தரும் கெடு 14 நாளுக்குக் குறையக் கூடாது, தேதியைச் சரிபாருங்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையரிடம் மேல்முறையீட்டுக்கு 15 நாள் அல்லது நோட்டீஸ் கெடு, எது முந்துகிறதோ அதுவே கடைசி. உங்களுக்கு அது வீண்செலவு. சும்மா இருந்தால் உரிமம் முதலில் நிறுத்திவைக்கப்படும், பிறகு ரத்தாகும். கெடுவுக்குள் புதிய மெனு நகல், ஒவ்வொரு பதார்த்தத்தின் கணக்குத் தாள், எடை போட்ட தேதி ஆகியவற்றுடன் எழுத்துமூலம் பதில் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.