ஸ்கவுட்களைக் கூட்டியும் டிராஃப்ட் ஏன் தேறவில்லை?

ஸ்கவுட்களை, அதாவது வீரர்களைத் தேடி மதிப்பிடுபவர்களை, இரட்டிப்பாக்கியும் உங்கள் என்.எஃப்.எல். (அமெரிக்கக் கால்பந்து லீக்) அணி டிராஃப்டில், அணிகள் முறைவைத்துப் புது வீரர்களை எடுக்கும் ஆண்டு நிகழ்வில், எடுத்த முதல் சுற்றுத் தேர்வுகள் சோபிக்கவில்லை என்றால், பழியை அவர்கள் தலையில் மட்டும் கட்ட முடியாது.

என் முதல் சந்தேகம், அணி தன் தேர்வுகளை, அதாவது வீரரை எடுக்கும் வாய்ப்புகளை, எப்படிச் செலவழித்தது என்பதில்தான். டிராஃப்டுக்கு முன் இண்டியானாபொலிஸில் நடக்கும் கம்பைன் என்ற உடல்திறன் சோதனையில் ஓட்ட நேரத்தையும் உடல் அளவையும் எல்லா அணிகளும் ஒன்றாகவே பார்க்கின்றன. மற்ற 31 அணிகளுக்குத் தெரியாத வீரர் இன்று அரிது. ஆகவே ஒருவரை முந்தி எடுப்பதற்காகப் பல தேர்வுகளை இன்னோர் அணிக்குத் தாரை வார்ப்பது சூதாட்டம். சான் ஃபிரான்சிஸ்கோ அணி 2021இல் அப்படித்தான் தேர்வு வரிசையில் 3ஆம் இடத்துக்கு ஏறி, குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) ட்ரே லான்ஸை எடுத்தது. 2023இல் ஒரு நான்காம் சுற்றுத் தேர்வுக்கு அவரை டல்லஸ் அணிக்கு அனுப்பிவிட்டது. அதே மேலாளரும் அதே பயிற்சியாளரும் 2022இன் கடைசித் தேர்வாக, 262ஆவதாக எடுத்த பிராக் பர்டிதான் அணியைச் சூப்பர் பௌல் இறுதிப்போட்டிக்கு அழைத்துப்போனார். இதைத் திறமை என்பதா, அதிர்ஷ்டம் என்பதா?

சோதித்துப் பார்க்க:

1. பத்தாண்டுத் தேர்வுகளைப் பட்டியலிடுங்கள்.
2. ஒவ்வொருவரையும் அவருக்கு முன்னும் பின்னும் எடுக்கப்பட்ட ஐந்து பேருடன் ஒப்பிடுங்கள். நான்காண்டு முதல் ஒப்பந்தம் முடியும்போது யார் தொடக்க ஆட்டக்காரர்?

அக்கம்பக்கத்தாரும் அதே அளவில் தோற்றிருந்தால் ஸ்கவுட்கள் மேல் குற்றமில்லை.

ஒன்று மட்டும்: ஸ்கவுட் எழுதுவது அறிக்கைதான், பெயரை அறிவிக்கச் சொல்வது மேலாளர். அந்த அறிக்கைகள் வெளியே வருவதில்லை என்பதால், யார் சறுக்கினார் என்பதை இந்தக் கணக்கு காட்டாது.